கூட்டாளியோடு சேர்த்து விடு

பினாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பேரனை ஜிம்மில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பதினான்கு வயதில் எங்கே போகிறான் என்பதைவிட யாரோடு போகிறான் என்பதுதான் முக்கியம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் சேர்ந்து ஓடியவர்கள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-இல் ஆளுக்கொரு பள்ளியாகப் பிரிகிறார்கள். ஓட்டமும் அதோடு நின்றுவிடுகிறது. புதுக் கூட்டாளிகள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தால் இவனும் உட்காருவான். அதைச் சோம்பல் என்று திட்டாதே. உலகச் சுகாதார நிறுவனம் இந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பு கேட்கிறது. 2016 கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் அதை எட்டவில்லை.

முதலில் அவனுக்கு நெருக்கமான ஒருவனை மட்டும் பிடி. வாட்ஸ்அப் புலனக் குழுவில் கேட்டால் பத்துப் பேரும் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவனும் வரமாட்டான். அந்தப் பையனின் அம்மாவோடு பேசிக் கிழமை, நேரம், யார் காரில் ஏற்றுவது எல்லாம் முடிவு செய். பிறகு பூப்பந்து இரட்டையர் ஆட்டத்துக்கு இன்னும் இருவரைச் சேர்க்கலாம். நாலில் ஒருவன் வராவிட்டால் ஆட்டம் கெடும். அந்தக் கூச்சமே எல்லாரையும் வரவழைக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோடி மாற்றச் சொல். கெட்டிக்காரர் இருவர் ஒரே பக்கம் நின்றால் தோற்றுக்கொண்டே இருப்பவன் மூன்றாம் வாரம் வயிற்றுவலி என்பான்.

தித்திவாங்சா ஏரிப் பூங்காவில் ஓடுவதானால் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. வேகமானவன் முன்னே போய்விட மற்றவன் மனம் விட்டுப்போவதுதான் வழக்கமான கோளாறு. 12-ஆவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துவிடு. வேகமானவன் அதிக தூரம் போவான், ஆனாலும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து சேருவார்கள். புகைமூட்டத்தில் ஐபியு என்ற காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே போகவே வேண்டாம்.

கூட்டாளியால் கெடுவதும் உண்டு. ஜிம்மில் பையன்கள் கூடினால் யார் அதிக எடை தூக்குவது என்ற போட்டிதான். படுத்துத் தூக்கும்போது இடுப்பு பலகையை விட்டு எழும்பினாலே எடை அதிகம் என்று அர்த்தம். ஒழுங்காகப் பத்துப் பதினைந்து தடவை தூக்க முடிந்த பிறகே, அதுவும் கொஞ்சமாக, கூட்ட வேண்டும். கூட்டாளி கொடுக்கும் பொடி எதையும் கலக்கிக் குடிக்கக் கூடாது. சிலவற்றில் காப்பியில் இருக்கும் காஃபின் ஏராளம், நெஞ்சு படபடக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து, தொட்டால் வலித்தால், அது வளரும் வயதில் வருவது. குதிப்பதைக் குறைத்து டாக்டரிடம் காட்டு. 'பயந்தாங்கொள்ளி' என்று யாரோ சொன்னதற்காக வலியோடு ஓட வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கெடுதி 'கெமோக்', அதாவது குண்டன், என்ற கேலி. திடலில் ஒரு முறை கேட்டவன் அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்வான். வீட்டில் மாப்பிள்ளை விளையாட்டாகச் சொல்வதையும் நிறுத்தச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

மட்டை வாங்காதே, என்னிடம் இரண்டு இருக்கின்றன, அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன். கடையில் நரம்பை மட்டும் 20 முதல் 22 பவுண்டுக்குள் கட்டச் சொல். அதற்கு மேல் இறுக்கினால் பந்து சரியாகப் போகாது, கைதான் வலிக்கும்.

அன்புடன்,
அப்பா