மீடியம் பிக்கப்பா, பெரிய பிக்கப்பா? முதலில் சுமையைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததிலிருந்து உங்கள் வாகனப் பக்கத்தைத் தவறாமல் வாசித்து வருகிறேன். அண்மையில் பெரிய அமெரிக்க பிக்கப்புகளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, படங்களும் பளபளவென்று இருந்தன, ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் சிலபேர் 'இனி டபுள் கெப் எடுக்கிறதென்றால் பெரிசாகவே எடுக்கவேணும்' என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். டபுள் கெப் என்றால் நான்கு கதவும் இரண்டு வரிசை இருக்கையும் உள்ள பிக்கப். கட்டுரையில் குதிரைவலு இருந்தது, உள்ளே இருக்கிற திரையின் அகலம் இருந்தது, எத்தனை செக்கனில் நூறைத் தொடும் என்பதுகூட இருந்தது. எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது மட்டும் இல்லை. பிக்கப்பைப் பற்றி எழுதினால் முதல் பந்தியில் வரவேண்டிய கணக்கு அதுதானே?

நான் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் எடுத்துத் தம்புள்ளைக்கு அனுப்புகிறவன், சீசனுக்கு மீனும் ஏற்றுவேன். கெப் வாகனம்தான் எங்கள் சீவியம். அதனால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிப் போடுங்கள்.

நாங்கள் இங்கே கெப் என்று சொல்கிற ஹைலக்ஸ், டி-மக்ஸ், எல்200, நவாரா, ரேஞ்சர் எல்லாமே உலகக் கணக்கில் மீடியம் சைஸ்தான். எல்லாம் தாய்லாந்தில் செய்கிற வண்டிகள், தாய்லாந்தும் எங்களைப் போல இடப்பக்கம் ஓடுகிற நாடு, அதனால் ஸ்டியரிங் சரியான பக்கத்திலேயே வருகிறது. புல் சைஸ் என்றால் போர்ட் எப்-150, ராம் 1500, சில்வராடோ, டொயோட்டா டன்ட்ரா. ஹைலக்ஸ் டபுள் கெப் ஏறத்தாழ 5.3 மீற்றர் நீளம், அகலம் 1.85 மீற்றர். டபுள் கெப் வடிவ எப்-150 கிட்டத்தட்ட 5.9 மீற்றர் நீளம், அகலம் 2 மீற்றரைத் தாண்டும், பக்கக் கண்ணாடிகளை விரித்தால் 2.4 மீற்றர். அது ஒரு பஸ்ஸின் அகலத்துக்குக் கிட்ட.

இவ்வளவு பெரிய வண்டி கூடச் சுமக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேதான் விசயமே இருக்கிறது. ஒரு வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பது, அதற்கு அனுமதித்த மொத்த எடையிலிருந்து அதன் சொந்த எடையைக் கழித்தால் வருவது. ஹைலக்ஸ், டி-மக்ஸ் மாதிரி வண்டிகள் ஒரு தொன் ஏற்றுவதை மனதில் வைத்தே கட்டப்பட்டவை, ஒரே வரிசை இருக்கையுள்ள வெறும் சிங்கிள் கெப் என்றால் அதற்கு மேலும் போகும். ராம் 1500 பின்னால் சுருள் ஸ்பிரிங்கில் நிற்கிறது, சவாரிக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் அவுஸ்திரேலியாவில் விற்கிற டபுள் கெப் ராம்கள் ஏற்றுவது 700, 800 கிலோ அளவுதான். சொந்த உடம்பே இரண்டரைத் தொன்னைத் தாண்டுகிறது, பிறகு எதைச் சுமப்பது? கூடுதலாக ஏற்றுகிற வகைகளும் புல் சைஸில் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் படத்தில் பளபளத்தது அந்த வகை இல்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு தொன்னுக்குள் ஆட்களும் அடக்கம். டபுள் கெப்பில் வளர்ந்த ஆட்கள் ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ அங்கேயே போய்விட்டது. மிச்சம் 650. சீமெந்து மூட்டை 50 கிலோ என்றால் பதின்மூன்று மூட்டை. எங்கள் ஊரில் இருபத்தைந்து மூட்டையை ஏற்றி, மேலே இரண்டு பேரையும் இருத்தி, முன் லைட் வானத்தைப் பார்க்கப் போகிறவர்களை நான் தினமும் காண்கிறேன். அந்த நேரம் முன் சில்லுக்கு வீதியில் பிடி குறைவு, ஸ்டியரிங் லேசாக இருக்கும், பிறேக் அடித்தால் வண்டி சொன்ன இடத்தில் நிற்காது. கந்தளாய் தாண்டி ஹபறணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே நிற்கிற வீதி அது.

புல் சைஸ் வண்டி உண்மையில் வெல்லுகிற இடம் இழுவையில். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மக்ஸ் எல்லாம் பிறேக் உள்ள டிரெயிலர் என்றால் 3.5 தொன் வரை இழுக்கும். ராம், எப்-150 அவுஸ்திரேலியாவில் 4.5 தொன், அமெரிக்காவில் சில எப்-150கள் 6 தொன் வரைக்கும். வீட்டையே பின்னால் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போகிற ஊர்களில் அது தேவை. திருகோணமலையில் எதை இழுக்கப் போகிறோம்? நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பைபர் போட்டுகள் மணலிலேயே கிடக்கின்றன, ஆட்கள் சேர்ந்து தள்ளுகிறார்கள், கஷ்டமென்றால் டிராக்டர் வரும். பெரிய பலநாள் கலங்கள் கொட்பே துறைமுகத்தை விட்டு வீதிக்கு வருவதேயில்லை. புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிற போட்டை டிரெயிலரில் போட்டாலும் 3.5 தொன் தாராளம். கரை மணலில் பாரம் கூடிய வண்டி இன்னும் ஆழமாகப் புதையும் என்பதும் இருக்கிறது. டயர்க் காற்றைக் குறைத்து 18 பவுண்டில் விட்டு ஹைலக்ஸை எடுத்துவிடலாம், இரண்டரைத் தொன் வண்டி அச்சுவரை இருந்துவிட்டால் அதை இழுக்க வேறு வண்டி தேடவேண்டும்.

ஒரு தொன்னுக்கு மேல் அடிக்கடி ஏற்றுகிறவர் என்ன செய்வது என்று கேட்கலாம். அவருக்கு லொறி இருக்கிறது. பத்தரை அடி எல்ப் அல்லது கன்டர் எந்த புல் சைஸ் பிக்கப்பையும் விடக் கூட ஏற்றும், பின் தட்டு தட்டையாக இருக்கும், மூன்று பக்கமும் திறக்கும், ஊருக்கு ஊர் மெக்கானிக் இருப்பார். அமெரிக்காவில் பெரிய பிக்கப் செய்கிற பாதி வேலையை இங்கே இந்தச் சின்ன லொறிகள் எப்போதோ பிடித்துவிட்டன. டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு டிமோ பட்டா என்கிற குட்டி லொறியே போதும், முக்கால் தொன் ஏற்றும், மத்திய வீதியில் எந்த மூலையிலும் நிறுத்தலாம். ஆக, பட்டாவுக்கும் லொறிக்கும் நடுவில் இருக்கிற இடம் மீடியம் கெப்புக்கே சரியாக இருக்கிறது. அதற்குள் புல் சைஸை எங்கே நுழைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

நுழைப்பது என்றதும் வீதிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. திருவிழா நேரம் பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு வண்டி ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சாதாரண வானே கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகிற இடம், எதிரே ஓட்டோ வந்தால் யார் பின்னுக்குப் போவது என்று ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். ஹைலக்ஸ் முழுவட்டம் திரும்பவே 12 மீற்றருக்கு மேல் வேண்டும், எப்-150க்கு 14ஐத் தாண்டும். வெங்காயத் தோட்டத்து ஒழுங்கையில் வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே அந்த இரண்டு மீற்றர் பெரிய விசயம், நம்புங்கள்.

பிறகு ஸ்டியரிங். புல் சைஸ் வண்டிகள் இடது பக்க ஸ்டியரிங்கோடுதான் தொழிற்சாலையை விட்டு வருகின்றன. அவுஸ்திரேலியாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் வைத்திருப்பவை மெல்பேர்ணில் வலது பக்கத்துக்கு மாற்றி விற்கப்படுகிறவை, அந்த மாற்றத்துக்கே பெரிய காசு. இடது ஸ்டியரிங்கோடு இங்கே ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டினால், முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கவே முக்கால் வண்டியை எதிர்ப்பக்கம் நீட்டவேண்டும்.

எண்ணெய்க் கணக்கும் சொல்லிவிடுகிறேன். புல் சைஸ் பெரும்பாலும் பெற்றோல், நல்ல வீதியிலேயே லீற்றருக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர், டவுனுக்குள் இன்னும் இறங்கும். 2.4 டீசல் ஹைலக்ஸ் பத்து, பதினொன்று தரும், காலை அமத்தாமல் ஓடினால் பன்னிரண்டும் வரும். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி எண்ணெய்க்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஒன்று நியாயமாகச் சொல்லவேண்டும், புதிய டீசல் கெப்புகளும் முன்னையவை மாதிரி எதை ஊற்றினாலும் குடிக்கிற வண்டிகள் இல்லை, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற கொமன் ரெயில் ஊசிகளுக்குச் சுத்தமான எண்ணெய் வேண்டும், சுப்பர் டீசலுக்குக் கூடக் கொடுக்கவேண்டி வரும். ஆனால் ஊசி பழுதானால் ஹைலக்ஸுக்கு இங்கேயே சாமான் எடுக்கலாம். டன்ட்ராவின் முன் லைட் ஒன்று உடைந்தால் எங்கே போய் நிற்பது?

எங்கள் மச்சான் ஒருவர் ரொறன்ரோவில் எப்-150 வைத்திருக்கிறார், அதன் படத்தை வாரம் ஒருக்கால் அனுப்புவார், ஹைலக்ஸ் என்றால் என்ன என்று அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அது அவர்கள் பிழை இல்லை. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட, அமெரிக்கா 1964இல் வெளிநாட்டுச் சின்ன லொறிகளுக்கும் பிக்கப்புகளுக்கும் 25 சதவீத வரி போட்டது, கோழிச் சண்டை முடிந்தும் அந்த வரி போகவில்லை. உள்ளூர்ப் பெரிய வண்டிகள் அங்கே அப்படிக் கொழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பனியும் அகலமான வீதியும் உள்ள ஊரில் அவருக்கு அது நல்ல வண்டிதான், இருக்கை விசாலம், எட்டு மணித்தியாலம் ஓடினாலும் முதுகு நோகாது என்கிறார். நம்புகிறேன். கந்தளாய் வரைக்கும் போய்வர எனக்கு அந்த முதுகுச் சுகம் தேவைப்படவில்லை.

என்னைக் கேட்டால் எங்கள் ஆட்கள் மண்டையைப் போட்டு உடைக்கவேண்டியது மீடியமா பெரிசா என்பதில் இல்லை, சிங்கிள் கெப்பா டபுள் கெப்பா என்பதில். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் வெள்ளை டபுள் கெப்புகள் ஊர் முழுக்க ஓடியதிலிருந்து நான்கு கதவு இருந்தால்தான் மரியாதை என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. ஹைலக்ஸ் டபுள் கெப்பின் பின்பெட்டி ஒன்றரை மீற்றர் நீளம், அவ்வளவுதான், சிங்கிள் கெப் என்றால் 2.3 மீற்றர் அளவில் கிடைக்கும். மீன் பெட்டி அடுக்குகிறவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு முழு வரிசை. எப்-150 டபுள் கெப்பில் பரவலாக வருகிற பெட்டியும் ஐந்தரை அடிதான், அவ்வளவு நீள வண்டியை வாங்கியும் பெட்டியில் கிடைத்தது ஒரு சாண் கூட இல்லை. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், புல் சைஸில் நாலு அடி அகலப் பலகை சில்லுமேடுகளுக்கு நடுவில் தட்டையாக இறங்கும், ஹைலக்ஸில் மேட்டின் மேல்தான் நிற்கும். தச்சு வேலைக்காரருக்கு அது பிரயோசனம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் விட்டு, வெங்காயமும் ஏற்ற ஒரே வண்டிதான் என்கிறவர் டபுள் கெப் எடுக்கட்டும், இரண்டும் பாதிப் பாதிதான் நடக்கும் என்று தெரிந்து எடுக்கட்டும். நடுவில், முன் இருக்கைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் மட்டும் உள்ள எக்ஸ்ட்ரா கெப் என்று ஒன்று இருக்கிறது, இங்கே அதை ஏனோ ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதனால் ஐயா, உங்கள் வாகனப் பக்கத்தில் இனி எந்த பிக்கப்பைப் போட்டாலும், ஏற்றக்கூடிய கிலோ, பின்பெட்டியின் நீள அகலம், பாகம் இலங்கையில் கிடைக்குமா என்ற இந்த மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கோடிக் கணக்கில் போகிற சாமான், கடனெடுத்து வாங்குகிறார்கள்.

பழைய கெப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு சொல். கரையோரத்தில் ஓடிய வண்டி என்றால் மேல் பெயின்டைப் பார்த்து மயங்காமல் கீழே படுத்துப் பாருங்கள். மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணி பின் கதவின் பிணைச்சலால் இறங்கி, சேசிஸின் பின் முனையிலும் ஸ்பிரிங் இலைகளுக்கு நடுவிலும்தான் போய்த் தங்கும், அங்கே துரு பட்டை பட்டையாகக் கழன்று விரலோடு வரும். அதற்கு மேல் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு ஸ்குரூட்ரைவரால் மெல்லத் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வெங்காய வியாபாரி ஒருவர்,
நிலாவெளி, திருகோணமலை.