நிறுத்திய பிறகும் ஆறாத உலை

ஆசிரியர் அவர்களுக்கு,

அணு உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கினால் அணுப்பிளவு நிற்கும், சூடு நிற்காது. அணுக்கள் பிளந்ததால் உண்டாகி எரிபொருளில் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருட்கள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பத்திறன் ஏறத்தாழ 3,000 மெகாவாட். நிறுத்திய நொடியில் அதில் 6 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும்; ஒரு மணி நேரத்தில் சுமார் ஒன்றரை சதவீதம்; ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், அதாவது 15 மெகாவாட். மணிக்கு 20 டன் தண்ணீரை ஆவியாக்க அது போதும்!

2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் சரியாகவே நின்றன. வெளி மின்சாரம் போனது. பிறகு சுனாமி நீர் அடித்தளத்து டீசல் ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. உலையைக் குளிர்விக்க வழியின்றி எரிபொருள் உருகியது.

கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும், நீராவி மேலேறி, வெளிக்காற்றால் குளிரும் குழாய்களில் நீராகித் தானே இறங்கி வரும் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான். அந்தக் குழாய்களுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவுகளும் அங்குள்ள டீசல் ஜெனரேட்டர்களும் ஒவ்வொரு சோதனையிலும் எப்படி இயங்கின என்பதைச் சுற்றுவட்டார மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள், ராதாபுரம்