டெட் லின்ட்சே சிக்காகோவுக்கு அனுப்பப்பட்டது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த பழைய ஐஸ் ஹொக்கி வீரர்கள் பற்றிய குறிப்பில், டெட்ரொயிட் ரெட் விங்ஸ் அணியின் டெட் லின்ட்சே வயதாகி ஆட்டம் தளர்ந்ததால் 1957ஆம் ஆண்டு சிக்காகோ அணிக்கு மாற்றப்பட்டார் என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தது. அது பிழையான தகவல் என்பதோடு, மலையகத்து வாசகர்கள் அந்த மனிதரைப் பற்றி முதன்மையாக அறிந்திருக்க வேண்டிய செய்தியையும் மறைத்துவிடுகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தை மாத அதிகாலைகளில் நுவரெலியாப் புல்வெளியைக் கருக்கும் பனியைத் தவிர வேறு உறைபனி அறியாத நமக்கு இந்த விளையாட்டு அந்நியமானதே. டொரொண்டோவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் நானும் இதைப் பார்க்கப் பழகினேன். லின்ட்சே 1925ஆம் ஆண்டு கனடாவின் ரென்ஃப்ரூ நகரில் பிறந்து, கேர்க்லண்ட் லேக் என்ற தங்கச் சுரங்க ஊரில் வளர்ந்தவர். தந்தையும் கோல் காப்பாளராகத் தொழில்முறையில் ஆடியவர். 1944இல் டெட்ரொயிட்டில் சேர்ந்த அவர், சிட் ஏபல், கோர்டி ஹவ் ஆகியோருடன் இடப்புற முன்கள வீரராக ஆடி, 1950, 1952, 1954, 1955 ஆகிய நான்கு ஆண்டுகளில், தேசிய ஹொக்கி லீக்கின் (NHL) வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார். ஐந்தடி எட்டங்குல உயரமே கொண்ட அவர் முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போனவர். தண்டனையாக வெளியே அமர்ந்திருந்த நேரம் மட்டும் அவருடைய கணக்கில் 1,808 நிமிடங்கள். தங்கள் குறிப்பும் இந்த முரட்டுத்தனத்தைத்தான் விரிவாக எழுதியிருந்தது.

ஆட்டம் தளர்ந்தது என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1956–57 பருவத்தில் லின்ட்சே 30 கோல்கள் அடித்து, 55 கோல்களுக்கு உதவி, 85 புள்ளிகள் பெற்றார். அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் உச்சம். லீக்கில் அவரை விஞ்சியவர் 89 புள்ளிகள் பெற்ற கோர்டி ஹவ் ஒருவரே. அணியும் அப்பருவத்தில் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அப்படிப்பட்டவரை, ஆறே அணிகள் கொண்ட லீக்கில் கடைசியிடத்தில் கிடந்த சிக்காகோவுக்கு எந்த நிர்வாகம் விளையாட்டுக் காரணத்துக்காக அனுப்பும்?

உண்மைக் காரணம் அதே ஆண்டு பெப்ரவரியில் நடந்தது. வீரர்கள் ஓய்வூதிய நிதிக்கு ஆண்டுதோறும் 900 டொலர் செலுத்தினார்கள். ஆனால் அந்த நிதியின் கணக்கை முழுமையாகக் காட்டும்படி கேட்டபோது அணிகளின் முதலாளிமார் மறுத்தார்கள். மொன்ட்ரியால் அணியின் டக் ஹார்வி முதலானோருடன் சேர்ந்து, ஆறு அணிகளின் வீரர்களையும் ஒன்றுதிரட்டி, லின்ட்சே வீரர் சங்கத்தை அறிவித்தார். சங்கத்துக்கு முன்னின்றவருக்கு அடுத்த மாதங்களிலேயே இடமாற்றம் வந்தது. டெட்ரொயிட்டின் நிர்வாகி ஜாக் அடம்ஸ், கோல் காப்பாளர் கிளென் ஹோலையும் சேர்த்து அவரைச் சிக்காகோவுக்குத் தள்ளினார். இரண்டு அணிகளிலும் நொரிஸ் என்ற முதலாளிக் குடும்பத்தின் கை இருந்தது. ஒரே கம்பனியின் வேறொரு தோட்டத்துக்கு மாற்றுவது போலத்தான்.

இதை வாசித்தபோது, தோட்டத்தில் வேலைசெய்த என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். சங்கத்துக்குச் சந்தா சேர்த்ததற்காக அவருக்குப் பற்றுச்சீட்டு (வேலைநீக்கச் சீட்டு) எழுதப்பட்டு, நாங்கள் லயத்தை (தோட்டக் குடியிருப்பை) விட்டு வெளியேற நேர்ந்தது. தோட்ட நிர்வாகியான துரை அதற்குச் சொன்ன காரணமும் வேலையில் தளர்ச்சி என்பதுதான்! காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று அப்பா சொல்வார். லின்ட்சேக்கும் அப்படித்தான்: 1957 நவம்பரில் வீரர் சங்கத்திலிருந்து முதலில் விலகியவர்கள் லின்ட்சேயோடு பல ஆண்டுகள் ஆடிய டெட்ரொயிட் வீரர்களே. அவர்களை நான் குறைகூற மாட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாததன்று. சங்கம் கலைந்தது. எனினும் அது நீதிமன்றத்தில் தொடுத்திருந்த வழக்கின் அழுத்தத்தால், 1958 பெப்ரவரியில் ஏற்பட்ட இணக்கத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டொலர் என நிர்ணயிக்கப்பட்டது. ஓய்வூதியத்துக்கு அணிகள் தரும் பங்கும் கூட்டப்பட்டது. நிலைத்த வீரர் சங்கம் 1967இல்தான் வந்தது.

சிக்காகோவில் மூன்று பருவங்கள் ஆடி 1960இல் ஓய்வுபெற்ற லின்ட்சே, தமது 39ஆவது வயதில், 1964–65 பருவத்துக்காக டெட்ரொயிட்டுக்கே திரும்பி வந்து 14 கோல்கள் அடித்தார். அணி மீண்டும் முதலிடம் பெற்றது. 1966இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானபோது, விழாவில் ஆண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதி இருந்ததால், மனைவி பிள்ளைகள் வர முடியாத விழாவுக்குத் தாமும் வருவதில்லை என்று மறுத்துவிட்டார். மறு ஆண்டிலேயே அவ்விதி மாற்றப்பட்டது. லீக்கின் சிறந்த வீரரை வீரர்களே வாக்களித்துத் தெரிவுசெய்யும் விருதுக்கு 2010 முதல் அவருடைய பெயர் இருக்கிறது. 2019 மார்ச்சில் தமது 93ஆவது வயதில் அவர் காலமானார்.

ஆகவே, 1957ஆம் ஆண்டு இடமாற்றத்தின் காரணத்தைத் திருத்தி, அடுத்த வார விளையாட்டுப் பக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பு வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.