அகசியாவின் வயதும் நம் விசுவாச அறிக்கையும்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பேரன்புக்குரிய போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் அனைவரும் இம்மாத முடிவுக்குள் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்று நீங்கள் அனுப்பியிருக்கும் புதிய விசுவாச அறிக்கையைப் பலமுறை வாசித்தேன். அதன் மற்ற எல்லாப் பிரிவுகளையும் முழு மனதோடு ஏற்கிறேன். வேதாகமத்தைப் பற்றிய மூன்றாம் பிரிவில் மட்டும் என்னால் கையொப்பமிட முடியவில்லை. வேதாகமம் அதன் மூலப்பிரதிகளில், அதாவது முதன்முதல் எழுதப்பட்ட கைப்பிரதிகளில், வரலாறு, புவியியல், இயற்கை அறிவு உள்ளிட்ட எல்லாவற்றிலும் சிறு பிழையும் இல்லாதது என்றும், இதை மறுப்பவர் அது தேவ ஆவியினால் அருளப்பட்டது என்பதையே மறுக்கிறவர் என்றும் அப்பிரிவு சொல்கிறது. வேதம் தேவ ஆவியினால் அருளப்பட்டது என்பதை நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் 28 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையையும் பிழையின்மையையும் ஒரே முடிச்சில் கட்டுவதை வேதம் எங்கும் நம்மிடம் கேட்கவில்லை என்பதே என் வாதம்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் 13 வயது மாணவி ஒருத்தி நாளாகமப் புத்தகத்தைத் தொடர்ந்து வாசித்துவந்தாள். ஒரு ஞாயிறு அவள் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். 2 நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தின்படி யோராம் 32 வயதில் யூதாவின் அரசனாகி, எட்டு ஆண்டுகள் ஆண்டு, 40 வயதில் இறந்துபோகிறான். அடுத்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் அவனுடைய இளைய குமாரன் அகசியா 42 வயதில் அரியணை ஏறுகிறான். தகப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவனாக எப்படி இருக்க முடியும் என்று அவள் கேட்டாள். 2 இராஜாக்கள் 8:26-ஐத் திறந்து, அங்கே அகசியாவின் வயது 22 என்றிருப்பதைக் காட்டினேன். ஏதோ ஒரு காலத்தில் படியெடுத்தவர் கைதவறி எழுதியிருக்கலாம் என்றேன். அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் போகும்போது, "அப்படியானால் நம் கையில் இருக்கிற வேதத்தில் தப்பு இருக்கிறது, இல்லையா அக்கா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மூப்பர் என்னைக் கண்டித்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் வேதத்தின்மேல் உள்ள பக்தியினால்தான் அப்படிப் பேசினார்.

படியெடுத்தவர் தவறு என்ற பதில் அகசியாவின் வயதுக்குப் பொருந்தும். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. தாவீது தேவனுடைய வீட்டில் பிரவேசித்துச் சமுகத்தப்பங்களைப் புசித்தது அபியத்தார் பிரதான ஆசாரியனாயிருந்த காலத்தில் என்று மாற்கு 2:26 சொல்கிறது. 1 சாமுவேல் 21-இல் அப்பங்களைக் கொடுத்தவர் அகிமெலேக்கு; அபியத்தார் அவருடைய குமாரன். இதே நிகழ்ச்சியை எழுதிய மத்தேயுவும் லூக்காவும் அபியத்தாரின் பெயரை விட்டுவிட்டார்கள். மத்தேயு 27:9-லோ, முப்பது வெள்ளிக்காசைப் பற்றிய வார்த்தைகள் எரேமியா உரைத்தவை என்று வருகிறது. அவ்வார்த்தைகள் சகரியா 11-ஆம் அதிகாரத்தை ஒட்டியவை. இவற்றுக்கெல்லாம் சமாதானம் சொல்லும் விளக்கங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றை நானும் கற்பித்திருக்கிறேன். ஆனால் அவை வசனத்திலிருந்து பிறந்த விளக்கங்கள் அல்ல. பிழை இருக்கவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட பிறகு தேடிப் பிடித்தவை. சேவல் கூவிய விவரத்தில் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாக்குவதற்காக, பேதுரு ஆண்டவரை மூன்று முறை அல்ல, ஆறு முறை மறுதலித்தார் என்று கணக்குக் கூட்டிய விளக்கமும் 1976-இல் அமெரிக்காவில் அச்சேறியது. எந்தச் சுவிசேஷமும் சொல்லாத ஐந்தாம் கதை ஒன்றை, நான்கையும் காப்பாற்றுவதாக எண்ணி உருவாக்கினார்கள். இதை வேதத்துக்குச் செய்யும் கனம் என்று என்னால் எண்ண முடியவில்லை.

உங்கள் மூன்றாம் பிரிவு 2 தீமோத்தேயு 3:16-ஐ ஆதாரமாகக் காட்டுகிறது. "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்ற அந்த வசனத்தின்மேல்தான் நானும் நிற்கிறேன். தயவுசெய்து அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். தீமோத்தேயு சிறு வயதுமுதல் அறிந்திருந்த பரிசுத்த வேத எழுத்துக்களைப் பற்றியே பவுல் பேசுகிறார். தீமோத்தேயு லீஸ்திராவில் வளர்ந்தவர். தாய் யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கர். அந்தப் பிள்ளையின் கையில் ஏசாயாவோ எரேமியாவோ எழுதிய மூலச்சுருள் இருந்திருக்க வழியில்லை. கை மாறிக் கை மாறிப் படியெடுக்கப்பட்ட சுருளைத்தான், பெரும்பாலும் எபிரெய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பைத்தான், அவர் கேட்டும் கற்றும் வளர்ந்திருப்பார். தேவ ஆவியினால் அருளப்பட்டது என்று பவுல் சொன்னது அந்தப் பிரதியை. ஸ்தேவானும் அப்படித்தான் பேசினார். யாக்கோபின் குடும்பத்தார் 75 பேர் என்று அப்போஸ்தலர் 7:14-இல் அவர் சொல்கிறார். நம் ஆதியாகமம் 46:27-இல் 70 பேர். 75 என்பது கிரேக்க மொழிபெயர்ப்பின் எண். அதைச் சொன்ன ஸ்தேவான் பரிசுத்த ஆவியினால் நிறைந்தவராயிருந்தார் என்று அதே அதிகாரம் சாட்சி சொல்கிறது.

மூலப்பிரதிகளில் பிழையில்லை என்று சொல்வதால் நமக்குக் கிடைப்பது என்ன என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அம்மூலப்பிரதிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. பிழையில்லாத ஒரு பிரதி விசுவாசத்துக்கு இன்றியமையாதது என்றால், அதைத் தேவன் ஏன் நமக்காகக் காத்துத் தரவில்லை? நம் மண்ணின் கதையையே பாருங்கள். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக வெளிவந்தது. அதன்பின் பப்ரிசியுஸ் மொழிபெயர்த்தார், இரேனியுஸ் திருத்தினார், 1871-இல் பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் வந்தது. திருத்தம் ஒவ்வொன்றும் முந்தினதில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டதன் அடையாளம். ஆயினும் முதல் பதிப்பை வாசித்து ஆண்டவரைக் கண்டவர்கள் மெய்யாகவே ஆண்டவரைக் கண்டார்கள். நாம் இன்றும் ஆராதனையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், 1 யோவான் 5:7-இல், பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்ற வாக்கியம் இருக்கிறது. பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அது இல்லை. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸ் தம் பதிப்பில் 1516-இலும் 1519-இலும் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் 1522-இல்தான் சேர்த்தார். இது தெரிந்த நாளிலிருந்து அந்த வசனத்தை நான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுப்பதில்லை. திரித்துவத்தின்மேல் உள்ள என் விசுவாசம் அதனால் குறையவுமில்லை.

வேதம் தன்னைப் பற்றி எப்படிப் பேசுகிறது என்பதை எனக்குக் கற்பித்த இடம் 1 கொரிந்தியர் முதல் அதிகாரம். கிறிஸ்புவுக்கும் காயுவுக்குமேயன்றி உங்களில் வேறொருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பவுல் எழுதுகிறார். இரண்டு வசனம் தள்ளி, ஸ்தேவானுடைய (மேலே சொன்ன ஸ்தேவான் அல்ல, வேறொருவர்) வீட்டாருக்கும் கொடுத்ததுண்டு என்று திருத்திக்கொள்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்று முடிக்கிறார். ஆவியானவர் அந்த மறதியை அழித்துவிட்டு நேரான வாக்கியம் ஒன்றை எழுதவைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் சொன்னதும், நினைவுக்கு வந்ததும், நினைவுக்கு வராததும் அப்படியே தேவனுடைய வார்த்தையாக நம்மிடம் வந்திருக்கின்றன. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். மறந்துபோகிற ஒரு மனிதனின் கையைத் தேவன் தள்ளிவிடவில்லை. அவன் வேதத்தை எழுதின பவுலாக இருந்தாலும், நாளாகமத்தைப் படியெடுத்து 42 என்று எழுதிய பெயர் தெரியாதவராக இருந்தாலும்.

இது புதுமைக்காரரின் போதனை என்று சிலர் சொல்லக்கூடும். நம் சீர்திருத்த முன்னோரான கால்வின், மத்தேயு 27:9-க்கு எழுதிய விளக்கத்தில், எரேமியாவின் பெயர் அங்கே எப்படி வந்தது என்று தமக்குத் தெரியாது, அதைப் பற்றித் தாம் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை என்று எழுதி, அது சகரியாவுக்குப் பதிலாகத் தவறாக வந்தது என்றார். கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964 அக்டோபரில், வியன்னா பேராயர் கர்தினால் கோனிக் மாற்கு 2:26-ஐயே எடுத்துக்காட்டி, வேதத்தின் வரலாற்றுக் குறிப்புகள் சில இடங்களில் துல்லியமானவை அல்ல என்று பேசினார். மறு ஆண்டு அச்சங்கம், நம் மீட்புக்காகத் தேவன் எழுதவைக்க விரும்பின சத்தியத்தை வேதநூல் தவறின்றிக் கற்பிக்கிறது என்று வகுத்தது. உங்கள் பிரிவின் வாசகத்துக்கு மிக நெருங்கியது 1978-இல் சிகாகோவில் கூடி 200-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட அறிக்கை. அதுகூட, பிழையின்மையை அறிக்கையிடுவது இரட்சிப்புக்குத் தேவை என்பதை மறுக்கிறது. மறுப்பதால் கடும் விளைவுகள் வரும் என்று அது எச்சரிப்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த எச்சரிக்கையின் பாரம் எனக்குத் தெரியும். ஒரு பிழையை ஒப்புக்கொண்டால் எங்கே போய் நிற்பது, அகசியாவின் வயதில் தொடங்கினவர் நாளை உயிர்த்தெழுதலையும் மறுக்கமாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. இரவில் தூக்கமில்லாமல் இதை நினைத்துக் கிடந்திருக்கிறேன். ஆனால் 1 கொரிந்தியர் 15-இல் பவுல் உயிர்த்தெழுதலுக்கு எதை ஆதாரமாக்குகிறார்? தாம் பெற்றுக்கொண்ட போதகத்தையும், ஆண்டவரைக் கண்ட சாட்சிகளையும். கல்லறைக்குப் போன ஸ்திரீகள் யார் யார், அங்கே கண்ட தூதர் ஒருவரா இருவரா என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒன்றுபடவில்லை. கல்லறை வெறுமையாயிருந்தது என்பதில் ஒன்றுபடுகின்றன. இந்த வேறுபாட்டைத் தெரிந்தேதான் ஆதித் திருச்சபை நான்கையும் வைத்துக்கொண்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை நீக்கவில்லை. உண்மையில் விசுவாசத்தைவிட்டுப் போன பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். 22-க்கும் 42-க்கும் உள்ள வேறுபாட்டுக்காக அவர்கள் போகவில்லை. அந்த வேறுபாடே இல்லை என்று நாம் சாதித்ததனால், மற்றவற்றிலும் நம் வாயை நம்பமுடியாமல் போனார்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுதல் ஒன்றே. மூன்றாம் பிரிவை நீக்க வேண்டாம். அதன் வாசகத்துக்குப் பதிலாக 2 தீமோத்தேயு 3-இன் 15, 16, 17 ஆகிய மூன்று வசனங்களை அப்படியே எழுதுங்கள். வேதம் இரட்சிப்புக்கேற்ற ஞானமுள்ளவனாக்க வல்லது என்றும், உபதேசத்துக்கும் கடிந்துகொள்ளுதலுக்கும் சீர்திருத்தலுக்கும் நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளது என்றும் அவை சொல்கின்றன. அதில் நான் இன்றே கையொப்பமிடுவேன். இப்போதுள்ள வாசகமே நிலைக்கும் என்று நீங்கள் தீர்மானித்தால், பாடசாலைப் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப் பின் உங்களிடம் ஒப்படைக்கிறேன். எனக்குப் பின் வருகிறவருக்கு ஒரு குறிப்பு மட்டும் வைத்துப் போவேன்: வகுப்பு இப்போது 2 நாளாகமம் 29-ஆம் அதிகாரத்தில் நிற்கிறது, 36-ஆம் அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தில் யோயாக்கீன் எட்டு வயதில் அரசனாகிறான், 2 இராஜாக்கள் 24:8-இல் அவனுக்கு வயது 18, அந்தப் பிள்ளை கேட்பாள்.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை