சின்னவனுக்கு, டில்லி கிளம்பும் முன்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மலரும் நலம்தானே? போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையாவது முழுசாகப் படி.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாநாட்டு நிகழ்ச்சி நிரலை முக்குக் கடையில் அச்செடுத்து வாங்கிவிட்டேன். மலரின் பெயர் வருகிற இடத்தில் அப்பா சிவப்பு மையால் கோடு போட்டு, பால்காரர் முதற்கொண்டு எல்லோரிடமும் காட்டியாயிற்று. கண் மருத்துவர்கள் மாநாடு, பாரத் மண்டபம், சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. மருமகள் மேல் அவருக்கு இருக்கிற பெருமை பெற்ற பிள்ளைகள் மேல் இருந்ததா தெரியவில்லை. நான் படித்தது கடைசிப் பக்கம். உடன் வருபவர்களுக்கான சுற்றுலா. வியாழன் பழைய டில்லி, வெள்ளி குதுப்மினாரும் ஹுமாயூன் சமாதியும், சனி ஆக்ரா, ஞாயிறு இரவு விருந்து. உன் பெயரைப் பதிந்தாகிவிட்டது என்றாய். சந்தோஷம். திங்கள் வரைக்கும் லீவு கொடுத்துவிட்டார்களா என்று அப்பா கேட்டார். கொடுக்காமலா கிளம்புவான் என்று சொல்லிவிட்டு, மாவு புளித்துப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள். பிப்ரவரி என்றால் பகலில் வெயில் சுகமாக இருக்கும், விடியற்காலையிலும் ராத்திரியிலும் காது விறைத்துவிடும். சென்னையில் இருந்துகொண்டு உனக்கு அது புரியாது.

நாங்கள் போனது 1988-இல். அப்பா கோமாரி நோயைப் பற்றிக் கட்டுரை வாசித்தார், விஞ்ஞான் பவனில். அப்போது நம் பேருந்துக்கு லேடீஸ் புரோகிராம் என்று பெயர். ஆம்பிளைகள் எல்லாம் உள்ளே, நாங்கள் எல்லாம் பட்டுப்புடவையோடு பேருந்தில். அப்பா வாசிக்கிற அன்றைக்கு எங்களுக்குத் தேசிய அருங்காட்சியகம் என்று போட்டிருந்தார்கள். போய் இறங்கினால் திங்கட்கிழமை, பூட்டிக் கிடக்கிறது. அதை யாருமே பார்க்கவில்லை! வாசலிலேயே நின்று வேர்க்கடலை தின்றோம். அப்புறம் அந்தக் கைடு எங்களை ஒரு கம்பளக் கடைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார், டீ கொடுத்தார்கள், கம்பளமாக விரித்துக் காட்டினார்கள். ஜமுக்காளமே போதும் என்று நினைக்கிற எனக்கு அதில் என்ன இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகுதான் அப்பா வரைபடத்தை விரித்துக் காட்டினார், அந்த அருங்காட்சியகமும் விஞ்ஞான் பவனும் கூப்பிடு தூரம். நான் கடலை தின்றுகொண்டிருந்த நேரத்தில் அங்கே அவருக்குக் கைதட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்தக் கைதட்டலைப் பற்றிச் சொல்வார். நானும் கூடவே இருந்து கேட்டவள் போலத் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

அதனால் ஆக்ராவை விட்டுவிடு. தாஜ்மகால் எங்கேயும் போய்விடாது. அதிவேகச் சாலையில் போனாலும் விடியற்காலையில் கிளம்பி ராத்திரிதான் திரும்புவார்கள். மலர் மேடையில் நிற்கும்போது நீ நெடுஞ்சாலை டாபாவில் பராத்தா தின்றுகொண்டிருக்கக் கூடாது. உடன் வருபவர் அட்டையைப் போட்டுக்கொண்டு கருத்தரங்க அறைக்குள் போக முடியாது என்று நிரலிலேயே போட்டிருக்கிறது. பரவாயில்லை, மலரை விட்டுக் கேட்கச் சொல். முடியாது என்றால் கதவுக்கு வெளியே நில். அவள் வெளியே வரும்போது முதலில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பேருந்தில் பெண்கள்தான் நிறைய இருப்பார்கள், நீ ஒருத்தனோ இரண்டு பேரோதான் ஆண்கள் இருப்பீர்கள். கூச்சப்படாதே. 2007-இல் ஜெர்மனியில் ஜி8 மாநாடு நடந்தபோது, தலைவர்களின் மனைவிமார்களைக் கவனித்துக்கொண்டவர் அப்போது அந்த நாட்டின் தலைவராக இருந்த மெர்க்கல் அம்மாவின் கணவர்தான். பெரிய வேதியியல் பேராசிரியர். யாரும் குறைத்துப் பேசவில்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். "அவர் மாநாடு முடிந்ததும் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போயிருப்பார்" என்றார். அவர் சொன்னதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, அடிக்கவும் மனமில்லை. விட்டுவிடு.

டில்லியிலேயே 2023-இல் ஜி20 நடந்தபோது, கூட வந்தவர்களைப் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கூட்டிப் போய்க் கம்பு, கேழ்வரகு எல்லாம் காட்டியிருக்கிறார்கள். பேப்பரில் படம் போட்டிருந்தது. செங்கோட்டையைவிட அது எவ்வளவோ மேல். உன் மாநாட்டுக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது.

குதுப்மினாருக்குள் ஏற முடியாது. 1981-இல் உள்ளே படியில் நெரிசலாகி எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் போய்விட்டார்கள், அதோடு மூடிவிட்டார்கள். பக்கத்தில் நிற்கிற இரும்புத் தூணைப் பார். ஆயிரத்து அறுநூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடிக்கவில்லை. இப்போது சுற்றிலும் கம்பி வேலி, அப்போது கிடையாது. முதுகைத் தூணில் ஒட்டி நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். எங்கள் பேருந்தே வரிசையில் நின்றது. ஆந்திராக்கார அம்மா ஒருத்தர் வளையல் நொறுங்க முயற்சி பண்ணினார். எனக்கு விரல் நுனிகூட எட்டவில்லை, பின்னாலிருந்த பெண் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, "எட்டிவிட்டது, எட்டிவிட்டது, நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். உங்கள் இரண்டு பேரையும்தான் நினைத்துக்கொண்டேன். பெரியவனுக்கு அப்போதே கணக்கு வரும், உனக்கு எதுவும் வராமல் இருந்தது. அதனால் கொஞ்சம் கூடுதலாக உன்னை.

ஹுமாயூன் சமாதியில் அவசரப்படாதே. அது அவருடைய விதவை ஹாஜி பேகம் கட்டியது என்பார்கள். ஷாஜகான் பெண்டாட்டிக்குத் தாஜ்மகால் கட்ட ஆரம்பிப்பதற்கு அறுபது வருஷம் முன்னாலேயே ஒரு பெண்டாட்டி புருஷனுக்குக் கட்டிவிட்டாள், அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 2024-இல் வாசலிலேயே தரைக்குக் கீழே ஒரு புது அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்களாம். ஆக்ரா போகாவிட்டால் இதுவே போதும். ஆக்ரா வேண்டாம்.

வேறே நேரம் கிடைத்தால் பாரத் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. நம் அய்யனார் கோயில் மண் குதிரைகளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூரில் கண்மாய்க் கரையில் கால் உடைந்து கிடப்பதை அங்கே டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். அதுவும் திங்கட்கிழமை கிடையாது. செங்கோட்டை, தாமரைக் கோயில், ஜனாதிபதி மாளிகைத் தோட்டம் எதுவுமே திங்கட்கிழமை திறப்பதில்லை. நீங்கள் திங்கள் சாயங்காலம்தானே விமானம் ஏறுகிறீர்கள், அன்றைக்குக் காலையில் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போங்கள். நம் சுவாமிநாதன்தான், தமிழர்கள் சேர்ந்து கட்டியது, 1973-இல் கும்பாபிஷேகம் ஆனது. "யாமிருக்கப் பயமேன்" என்று வெளியே பெரிதாக எழுதிப் போட்டிருக்கும். நின்று வாசித்துவிட்டு உள்ளே போ. உனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்பது தெரியும். வாசிக்கக் காசு இல்லையே.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. கைடு கூட்டிப் போகிற கடையில் எதுவும் வாங்காதே, அவர்களுக்கு அதில் கமிஷன். எனக்குப் பஷ்மினா சால்வை வேண்டாம். அண்ணிக்கு வாங்க வேண்டும் என்றால் டில்லி ஹாட்டில் பேரம் பேசி வாங்கு, அதுவும் சின்னதாக. இந்தத் தடவை யாருக்கும் எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

பெரியவன் மஸ்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசினான். தம்பி எப்படி இருக்கிறான், ஆபீஸ் எப்படிப் போகிறது என்றான். அவனிடமே கேள் என்றேன். அவன் உன்னிடம் கேட்டானா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்பாய், அந்த அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு வரும். தீபாவளிக்குப் பிறகு எப்போது அடித்தாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாய். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்றாய். இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் உனக்கு நினைவிருக்கும், அந்த வீட்டில் அப்புறம் யார் முகத்தை யார் பார்த்தார்கள் என்பதும் நினைவிருக்கும். நம் வீட்டில் யாரும் டிபன் பாக்ஸ் தூக்க வேண்டியதில்லை. மலருக்கு எல்லாம் தெரியும்தானே? அவளுக்குத் தெரிந்தால் எனக்குப் போதும். அவளுக்கே தெரியாது என்றால் டில்லியிலாவது சொல்லிவிடு, ஞாயிறு விருந்தில் வேண்டாம், அதற்கு முன்னால்.

நீ அவளோடு போவதில் எனக்குச் சந்தோஷம்தான். உன் அப்பா எனக்காக ஒரு இடத்துக்கும் கூட வந்ததில்லை, என் பி.எட். பட்டமளிப்புக்குக்கூட என் தம்பிதான் வந்தான். நீ அப்படி இல்லை. அதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

ஸ்வெட்டர், மப்ளர் இரண்டும். சாந்தினி சவுக்கில் பராத்தாவை நெய்யில் பொரித்து எடுப்பார்கள், உன் வயிற்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை பதினொன்றரை, மறக்காதே.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உன் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்த வைப்பு நிதி மார்ச்சில் முதிர்கிறது. புதுப்பிக்கவா, எடுக்கவா என்று வங்கியில் கேட்கிறார்கள். எடுப்பதில் அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை, நானே கேட்டுவிட்டேன். ஊர் திரும்பியதும் எனக்கு மட்டும் சொல்.