ஞாயிறு மட்டும் என்று கேட்டாயே, கலா

பாளையங்கோட்டை,
வெள்ளி இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 8.9இலிருந்து 7.1க்கு இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவரிடம் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்த நாள் நீ விடுதி மொட்டைமாடியில் அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த எண் எனக்கு வெறும் எண்ணாகப் படவில்லை.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பெரியவள் மருந்தியல் முடித்துவிட்டு மதுரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆனித் தேரோட்டத்துக்கு நீ வருவாய் என்று எதிர்பார்த்தேன். சரி, அடுத்த வருஷமாவது வா.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஆறு நாள் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு ஞாயிறு ஒரு நாள் மட்டும் சோறு, பூரி, இனிப்பு எல்லாம் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். ஜிம்முக்குப் போகிற உன் அண்ணன் மகன் அதற்கு ‘சீட் டே’, அதாவது கட்டுப்பாட்டை ஏமாற்றும் நாள், என்று பெயர் சொன்னானாம், அது இல்லாவிட்டால் மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரியை எரிக்கும் வேகம், படுத்துக்கொள்ளும் என்றானாம். கலா, நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் ஒரு நாள் உனக்கு வேண்டாம். விசேஷத்துக்கு ஒரு வேளை என்றால் தாராளமாகச் சாப்பிடு.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் சர்க்கரைக்காக நான் மாவுச்சத்தைக் குறைத்த முதல் நான்கு மாதம் நானே அந்த ஞாயிறை வைத்துப் பார்த்தவள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பூரிக்குத் தட்டோடு வரிசையில் நின்றோமே, அந்த ஆசை நமக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காலையில் பூரி மசால், மதியம் பிரியாணி, சாயங்காலம் கேசரி. மறுநாளிலிருந்து கட்டுப்பாடு. விரலில் குத்திப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு வாரத்து வெறும் வயிற்றுக் கணக்கை அப்படியே தருகிறேன். சனி 112, திங்கள் 149, செவ்வாய் 137, புதன் 121, வியாழன் 113. ஒரு ஞாயிறைக் கரைக்க எனக்குப் புதன்கிழமை வரை ஆனது. மூன்று மாதத்தில் 13 ஞாயிறு வரும். ஒவ்வொன்றோடும் திங்களையும் செவ்வாயையும் சேர்த்துக்கொள். 90 நாளில் 39 நாள் போய்விட்டது. நீ மூன்று மாதச் சர்க்கரை பார்க்கும்போது அந்த 39 நாளும் அதில் சேர்ந்துதான் வரும்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் மனமுடைந்து விடுகிறார்கள். திங்கள் காலையில் எடை மெஷினில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கும். கல்யாண மோதிரம் சோப்புப் போட்டாலும் விரலை விட்டு வராது, செருப்பு வார் பதிந்த தடம் காலில் மத்தியானம் வரை இருக்கும். முதல் தடவை நான் பயந்தே போனேன். அது கொழுப்பு இல்லை, தண்ணீர். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜன் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்சுலின் ஏறினால் சிறுநீரகமும் உப்பை வெளியே விடாமல் நிறுத்திக்கொள்கிறது. வியாழக்கிழமை அந்த எடை தானாக இறங்கிவிடும். ஆகவே என்றைக்காவது விருந்து சாப்பிட்டு மறுநாள் எடை கூடினால் ‘எல்லாம் போச்சு’ என்று விட்டுவிடாதே. அந்தத் தண்ணீர் திரும்ப வெளியேறும்போது உப்பும் சேர்ந்து போவதால் தலைவலி வரும், கை கால் சோர்ந்துவிடும். உனக்கு ரத்தக்கொதிப்பு இல்லை என்பதால் உப்புப் போட்ட மோரோ எலும்பு சூப்போ குடி, சரியாகிவிடும்.

இதையெல்லாம் விட என்னைத் தோற்கடித்தது பசிதான். சாதாரணமாக எனக்குக் காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டால் ஒரு மணி வரை தாங்கும். திங்கட்கிழமை மட்டும் பதினொரு மணிக்கே ஆசிரியர் அறையில் யாராவது வடைப் பொட்டலத்தைப் பிரித்தால் வேறு எதிலும் மனம் போகாது. அப்புறம் அந்த ஞாயிறு ஞாயிறோடு நிற்கவில்லை. நாளைக்கு எப்படியும் சாப்பிடத்தானே போகிறோம் என்று சனி ராத்திரி புரோட்டா வந்தது. ஃப்ரிட்ஜில் மீந்த பிரியாணியை வீணாக்குவானேன் என்று திங்கள் மதியமும் அதே ஆனது. நான்காம் மாதம் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது வாரத்தில் நான்கு நாள்தான் ஒழுங்காக இருந்திருக்கிறேன்.

பெரியவள் இன்னொன்றும் சொன்னாள். 2019இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏழு நாள் கொழுப்பு கூடுதலாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். லேபில் நமக்குக் கலக்கித் தருவார்களே, அதே அளவு. ஏழு நாளுக்குப் பிறகு அதே குளுக்கோஸ் ரத்தச் சர்க்கரையை முன்னைவிட அதிகம் ஏற்றியது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபட்டதற்கான அடையாளங்களும் ரத்தத்தில் தெரிந்தன. ஒன்பதே பேர்தான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் குளுக்கோஸ் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லும் வழக்கம் ரொம்பக் காலமாகவே இருக்கிறது. மாவுச்சத்து வராத உடம்பு அதைக் கையாளும் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடும். ஆள் வராத வீட்டில் திடீரென்று பத்து விருந்தாளி வந்து நின்றால் உலை கொதிக்கவே நேரமாகும் இல்லையா, அந்த மாதிரி. சர்க்கரை இல்லாத பிள்ளைகளுக்கே அப்படி என்றால் நமக்கு?

உன் அண்ணன் மகன் சொல்வதை நான் அடியோடு தள்ளவில்லை. இருபத்தி மூன்று வயது, ஒரு மணி நேரம் பளு தூக்குகிறான், அவன் தசை அந்தச் சோற்றை வாங்கிக்கொள்ளும். நீயும் நானும் ஆறு நாள் தினம் 400 கலோரி குறைத்தால் 2,400. பூரி, பிரியாணி, பாயசம், ஐஸ்கிரீம் என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி அன்றைக்கே திரும்பி வந்துவிடும்.

ஞாயிறன்று தினைப் பொங்கலும் கருப்பட்டிப் பாயசமும் வைத்துக்கொண்டால் தப்பில்லை என்று எழுதியிருந்தாய். தப்புதான், கலா. சமைக்காத அரிசியில் 100 கிராமுக்கு சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் தினையிலும் கம்பிலும் 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் நம் கணக்குக்கு அது சோற்றின் சொந்தக்காரன்தான். கருப்பட்டி பனையிலிருந்து வந்தாலும் சர்க்கரையே.

மாத்திரை விஷயத்தை மட்டும் கவனமாகக் கேள். நீ போடுகிறது கிளிமிபிரைடு என்றால் சோறு குறைத்த நாளில் சர்க்கரை தாழ்ந்து வேர்க்கும், கை நடுங்கும். அதனால்தான் உன் டாக்டர் அளவைக் குறைத்திருப்பார். இன்றைக்கு விருந்து என்று நீயாக ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளாதே. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரை சீட்டில் இருந்தால் நீ மாவுச்சத்து குறைத்திருப்பதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அளவுக்கு மீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் நான் எதையும் தொடாமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. ஆரம்பத்தில் அப்படியும் இருந்து பார்த்தேன். தென்காசியில் தம்பி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் டப்பாவில் கொண்டுபோன அவித்த முட்டையைத் தனியாக ஓர் அறையில் வைத்துச் சாப்பிட்டேன். பெரியம்மா கதவோரம் வந்து நின்று, ‘எங்க வீட்டு இலையில உனக்கு என்னம்மா ஆகாது?’ என்று கேட்டார். அந்த முகம் இப்போதும் உறுத்துகிறது.

இப்போது பந்தியில் உட்காருகிறேன். அவியல், கூட்டு, பொரியல் முதலில். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். அதற்கப்புறம்தான் சோறு, ஒரே கரண்டி. மறுவீட்டுச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) என்றால் அதைக் கிண்ணத்தில் வாங்கி, இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு, சோற்றைப் பேருக்குப் பிசைந்துகொள்வேன். காய் முதலில் உள்ளே போய்விட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. கை கழுவியதும் இவரையும் இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் நடப்பேன். அன்று ராத்திரி முட்டையும் கீரையும்தான்.

வருஷத்தில் எனக்கு என்று சில வேளைகள் வைத்திருக்கிறேன். பொங்கல், தீபாவளி, குலதெய்வம் கோயில் கொடை, அம்மா திதி. தீபாவளிக்கு முந்தின நாள் அதிரசப் பாகு கிண்டும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பேனே, இரண்டு வருஷமாக அந்த விரலைத் துடைத்துவிடுகிறேன். மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒரு அதிரசம், உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவேன். அம்மா திதியன்று படையல் சோறு, பருப்பு, நெய், வடை, பாயசம் எல்லாம் உண்டு. அதைப் போய் ‘சீட்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா கையால் பழகிய சாப்பாட்டை அம்மாவுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன், அதில் யாரை ஏமாற்றுகிறேன்?

நீ ஒரு காரியம் செய். இந்த ஞாயிறு ஒரு தடவை ஆசைப்பட்டதைச் சாப்பிட்டே விடு, ஒரே வேளை. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார். திங்கள் முதல் வியாழன் வரை வெறும் வயிற்றில் பார். திங்கள் பதினொரு மணிக்குப் பசி எப்படி இருந்தது என்றும் குறித்து வை. என் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு, உன் எண்களைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு, நானும் என் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன்.

கார்த்திகையில் அம்மா திதி வருகிறது. வர முடிந்தால் வா. அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டு உட்காருவோம்.

அன்புடன்,
உன் சரோஜா