கல்வெட்டுக்குள் அடங்காத அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுப் புத்தகத்துக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டதை மூன்று தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆட்டைத் திவசத்துக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் என்ன எழுதுவார்கள் என்று தெரியும்தானே, 'பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்'. அம்மா வாசித்திருந்தால் "ஆர் இந்த மனுசி?" என்று கேட்டிருப்பார். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன், வேண்டியதை வெட்டி எடுங்கள்.

இங்கே கனடாவில் வரும் திங்கள் விக்டோரியா தினம். அதற்கு முன் தக்காளி, மிளகாய்க் கன்றை வெளியில் நட்டால் உறைபனி கருக்கிவிடும் என்று ஸ்காபரோவில் தோட்டம் செய்கிற எல்லோரும் சொல்வார்கள். தோட்டம் செய்ய அரை வருசம்கூட இல்லை, ஒக்டோபரில் மறுபடி பனி வந்துவிடும். கறிவேப்பிலைச் சாடியைப் பகலில் மட்டும் வெளியே வைத்து எடுக்கிறேன். போன செப்டெம்பரில் இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்கியதும் உள்ளே கொண்டுவந்தது, இத்தனை மாதமும் ஜன்னலோரத்தில் என்னோடுதான் சீவித்தது.

வந்த முதல் குளிருக்கு ஒன்றைக் கொன்றேன், ஞாபகமா? இலை கொட்டக் கொட்ட, தாகமாக்கும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "அது நித்திரை கொள்ளுது, நீ தண்ணி வாத்துக் கொல்லுறாய்" என்றார். பனியைக் கண்ணால் காணாதவர், கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு இங்கத்தைய செடிக்கு வைத்தியம் பார்த்தார். சரியாகவும் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் செம்மண்ணில் கிணறு, வாழை, புடலம்பந்தல் என்று இருந்தவருக்கு 1995 யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகு கிடைத்தது ஆறடி பல்கனி. கடற்காற்றில் உப்பு வந்து இலை நுனியெல்லாம் கருகும். பழைய சேலையைக் கம்பியில் கட்டி மறைத்து, பெயின்ற் வாளியிலும் உடைந்த பேசினிலும் மண் நிரப்பி, செவ்வரத்தை, ரம்பை, வல்லாரை, கறிவேப்பிலை எல்லாம் வைத்தார். உருண்டை வாளியில் பசளிக் கீரை. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், புளித்த மோர் எல்லாம் அங்கேதான் போகும். மீன் தண்ணீர் ஊற்றுகிற நாளில் நாங்கள் பல்கனிப் பக்கம் போகாததும், அது சொட்டி கீழ்வீட்டு அன்ரியின் காய்கிற உடுப்பில் விழுந்து அவர் படியேறி வருவதும், அம்மா ஒன்றும் தெரியாத முகத்தோடு கதவைத் திறப்பதும். சண்டை முடிந்து போகும்போது அன்ரியின் கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருக்கும்.

இன்னொன்று, அம்மா பூக்கன்று காசு கொடுத்து வாங்கி நான் கண்டதில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கொப்பெல்லாம் அவருக்குப் பொது. திரும்பி வரும்போது கைப்பையில் ஈரக் கடதாசி சுற்றிய தடி ஒன்று இருக்கும். இதையும் போடுங்கள், ஒளிக்க வேண்டாம்.

2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸும் இல்லை, மரக்கறி விலை தொட முடியாது, அப்போது வீட்டில் பயிர்செய்யச் சொல்லி அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அம்மா போனில் சிரித்த சிரிப்பு! "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற நாளெல்லோ, மண்ணைக் கிண்டுற நாளோ?" ஆனால் அந்த மாதங்களில் மாடிக்கு மாடி அவருடைய பசளிதான் போனது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கல்வெட்டின் பின்னட்டையில் தேவாரத்துக்குக் கீழே இடம் இருந்தால் அவர் சொல்வதை அப்படியே போடுங்கள்: கறிவேப்பிலை விதையைக் காயவிடக் கூடாது, பழுத்ததும் தோலை உரித்து உடனே ஊன்ற வேண்டும். பூ மொட்டு வந்தால் கிள்ளிவிட வேண்டும். நுனியை முறித்தால்தான் கிளைக்கும், பாவம் பார்க்கக் கூடாது.

அப்புறம், சாடிகளை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கறிவேப்பிலை மட்டும் கீழ்வீட்டு அன்ரிக்கு. அவர் வேண்டாம் என்றுதான் சொல்லுவார், வாசலில் வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்
தம்பி